கொழும்பில் விடுமுறை முகாம்: ஆசிரியர்களை மேற்பார்வை செய்ய வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு

ஜூன் கடைசியில் ரொறன்ரோவிலும், ஜூலையில் பாரிஸிலும் சூரிச்சிலும் லண்டனிலும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்து அடுக்குமாடிகளில் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அம்மம்மா வீட்டில் நிற்கும் அந்த நாலைந்து வாரங்களில் பிள்ளைகள் கொஞ்சம் தமிழும் பாட்டும் சித்திரமும் பழகட்டும் என்று நடத்தப்படும் விடுமுறை முகாம்களில், ஆசிரியர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் கொழும்புக்காரர்கள். அவர்களை மேற்பார்வை செய்ய அழைக்கப்படுபவர்களோ பல வேளைகளில் வெளிநாட்டில் ஆசிரியப் பயிற்சி பெற்று, பிள்ளைகளைப் போலவே விடுமுறைக்கு வருபவர்கள். அப்படி முதன்முறையாக வரும் ஒருவருக்கு, இந்த ஊரில் முதலில் ஆசிரியராகவும் பின்னர் மேற்பார்வையாளராகவும் நான் வேலை செய்த அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் நிற்கும் ஆசிரியையின் கவனம் முழுவதும் பிள்ளைகளிடம் இருக்க வேண்டும். அந்தக் கவனத்தைப் பிய்த்துக்கொண்டு போகும் எல்லாவற்றையும், அதாவது வராத வானையும், ஓடாத மின்விசிறியையும், வாசலில் நின்று கதைகேட்கும் பெற்றோரையும், தொலைந்த தண்ணீர்ப் போத்தலையும், அவரிடம் போய்ச் சேருவதற்கு முன்பே நீங்கள் வாங்கிக்கொள்வதுதான் மேற்பார்வை. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

வருவதற்கு முன்

விசாவை முதலில் பாருங்கள். சுற்றுலா விசாவில் இலங்கைக்கு வருபவர் சம்பளத்துக்கோ சம்பளமின்றியோ எந்த வேலையிலும் ஈடுபட அனுமதியில்லை. "தொண்டு வேலைதானே" என்று யாராவது சமாதானம் சொன்னால் அதை நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள், எந்த வகை விசாவில் தங்களை அழைக்கிறார்கள் என்பதை முகாம் நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் நடைமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

அடுத்தது நாட்காட்டி. இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தாங்கள் வகுத்த நேரசூசி இரண்டாம் வாரத்திலேயே குலைவதைக் கண்டு திகைப்பது பெரும்பாலும் இதனால்தான். உங்கள் ஊரில் ஜூலை முழுவதும் விடுமுறையாக இருக்கலாம். இங்கே அரச பாடசாலைகளுக்கு வழமையாக ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் டிசம்பரிலும்தான் தவணை விடுமுறை, அதன் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு கல்வி அமைச்சின் அறிவிப்பைப் பொறுத்தவை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பை ஒட்டித் தனி நாட்காட்டி உண்டு. ஆகவே ஜூலையில் காலை வேளைகளில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆசிரியர்கள் ஓய்வுபெற்றவர்கள், சர்வதேசப் பாடசாலைகளில் படிப்பிப்பவர்கள், பல்கலைக்கழக மாணவிகள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஆகியோரே. அனுபவம் மிக்க அரச பாடசாலை ஆசிரியைகள் ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய பிறகுதான் வருவார்கள். அதாவது முகாமின் நடுவில் உங்கள் ஆசிரியர் குழுவே மாறும். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கொப்பி வைத்து, என்ன படிப்பித்தார்கள், எந்தப் பிள்ளை எதில் நிற்கிறது என்று தினமும் நாலு வரி எழுதுவித்தால், புதிதாக வரும் ஆசிரியை இருட்டில் தடவ வேண்டியதில்லை.

நாட்காட்டியில் இன்னும் சில நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. கொழும்பில் ஆடிவேல் விழாவுக்குச் செட்டியார்தெருக் கோவில்களிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி வேல் வரும் நாளில், பிரதான பாதையான காலி வீதியை நம்பி எந்த ஏற்பாடும் செய்யக் கூடாது. நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். தேர், தீர்த்தத்தை ஒட்டிப் பாதிப் பிள்ளைகள் யாழ்ப்பாணம் போய்விடுவார்கள், சில ஆசிரியைகளும் போவார்கள், போகத்தான் வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை அந்தக் காலத்தில் வருமானால், வீட்டில் பரீட்சை எழுதும் பிள்ளையை வைத்திருக்கும் ஆசிரியையிடம் அந்த வாரம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குப் போகும் ஆசிரியர் இருந்தால் அவருடைய வகுப்பைப் பதினொன்றரைக்குள் முடியும்படி அமைத்துவிடுங்கள்; அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஆசிரியர்களுடன் முதல் சந்திப்பு

முகாம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னதாக, அதே மண்டபத்தில், தேநீரோடு இந்தச் சந்திப்பை வையுங்கள். உங்கள் தகுதிகளைப் பற்றிய அறிமுகம் இரண்டு வசனங்களோடு போதும். அதன்பின் ஒவ்வொருவரும் எங்கே, எந்த வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறார், எதைச் சந்தோசமாகச் செய்வார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டு படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை அந்தக் கூட்டத்தில் இருந்தால், எந்த விடயத்தையும் தீர்மானிக்கும் முன் முதலில் அவருடைய அபிப்பிராயத்தைக் கேளுங்கள். இதில் மரியாதை மட்டுமல்ல, பயனும் இருக்கிறது: வெள்ளவத்தைப் பெற்றோரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்களாக இருப்பார்கள், அவர் சரி என்று சொன்ன ஒழுங்கைப் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பெயர் சொல்லி அழைக்கும் வழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைகள் முன்னிலையில் எல்லா ஆசிரியைகளும் "டீச்சர்" அல்லது "மிஸ்", ஆசிரியர்கள் "சேர்". பத்தொன்பது வயது உதவியாளரையும் "நீங்கள்" என்றே பேச வேண்டும். மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் அக்காவையும், வாசலில் நிற்கும் ஐயாவையும் முதல் நாளே பெயர் கேட்டு அறிமுகமாகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவசரத்துக்கு உங்களுக்கு முதலில் கைகொடுப்பவர்கள் அவர்கள்தான்.

இந்தச் சந்திப்பிலேயே தயக்கமின்றிச் சொல்ல வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பிள்ளைக்கு அடிப்பதும், காதைத் திருகுவதும், முழங்காலில் நிறுத்துவதும், மற்றப் பிள்ளைகள் முன் அவமானப்படுத்துவதும் இந்த முகாமில் இல்லை என்பதே அது. இலங்கைக் கல்வி அமைச்சே பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையை 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை மூலம் தடைசெய்துவிட்டது. ஆகவே இதை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கட்டுப்பாடுபோல முன்வைக்காமல், இந்த நாட்டின் நடைமுறையாகவே சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. குழப்படி செய்யும் பிள்ளையை ஆசிரியை என்ன செய்யலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்: உதவியாளரோடு வெளியே அனுப்பி உங்களிடம் கொண்டுவரச் செய்யலாம், எந்த நேரத்திலும், காரணம் எழுதாமலே. அப்படி வந்த பிள்ளையை நீங்கள் பத்து நிமிடம் வைத்திருந்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, ஒரு சின்ன வேலை செய்வித்துத் திருப்பி அனுப்பினால், ஆசிரியைக்குக் கையோங்க வேண்டிய நிலையே வராது.

பிள்ளைகளைப் பிரிப்பது

தாளில் பரீட்சை வைக்க வேண்டாம். சந்தையோ கடற்கரையோ உள்ள ஒரு பெரிய படத்தை மேசையில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு ஆசிரியை ஐந்து நிமிடம் கதைக்கட்டும். சொன்னது விளங்குகிறதா, தமிழில் பதில் வருகிறதா, எழுத்துத் தெரிகிறதா என்ற மூன்றையும் ஒரே வரியில் குறித்தால் போதும். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளில் பலருக்குக் கேட்டால் எல்லாம் விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ வரும். அவர்களை "தமிழ் தெரியாதவர்கள்" என்று ஒதுக்கி அகரத்திலிருந்து தொடங்குவது பெரிய அநியாயம். ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு ஆசிரியைக்கு ஒரு உதவியாளர் கட்டாயம்.

தரம் ஒன்றாக இருந்தாலும் வயது மூன்றுக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. பதின்மூன்று வயதுப் பையனை, அவனுக்கு எழுத்துத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக ஆறு வயதுப் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் இருத்தினால் அடுத்த நாள் அவன் வரமாட்டான். நாலு பேரே இருந்தாலும் பெரிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைத்து, பல்கலைக்கழக மாணவி ஒருவரிடம் கொடுங்கள். பாட்டு வரிகளும் கிரிக்கெட் செய்தியும் கடைப் பலகைகளுமாக எழுத்தைப் பழக்குவதற்கு அந்த வயதுக்காரரே பொருத்தம்.

ஒரு நாளின் ஒழுங்கு

வகுப்பு எட்டரைக்குத் தொடங்குமானால் நீங்கள் ஏழேகாலுக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். முதலில் மலசலகூடங்கள், பிறகு குடிதண்ணீர், பிறகு மின்விசிறிகள். ஜூலை, ஓகஸ்டில் கொழும்பில் பகல் வெப்பம் முப்பது பாகையைச் சுற்றியே நின்றாலும் காற்றின் ஈரம் உடலை வாட்டிவிடும். குளிர்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் முதல் நாலைந்து நாட்கள் பதினொரு மணிக்கே சோர்ந்துவிடுவார்கள். எனவே முதல் வாரத்தில் எழுத்து வேலை காலையில், பாட்டும் கதையும் பதினொன்றுக்குப் பிறகு என்று வையுங்கள். ஓடியாடும் விளையாட்டை முற்பகல் பத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

எட்டு மணிக்கு ஆசிரியர்களோடு பத்து நிமிடம் நின்றபடியே கதையுங்கள். இருந்து கதைத்தால் அரைமணி ஆகும். இன்று வராத பிள்ளைகள் யார், புதிதாக வருபவர் யார், யாருக்கு நேற்று வயிற்றுக்குச் சரியில்லை, எந்த அறையில் விசிறி ஓடவில்லை என்பவை மட்டும் போதும்.

மழை பெய்தால் காலி வீதி அசையாது. மொறட்டுவைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஆசிரியை, தெஹிவளைச் சந்தியில் நிற்கும் 101ஆம் இலக்க பஸ்ஸுக்குள்ளிருந்து உங்களுக்குக் கோல் எடுக்கும்போது, அவர் குரலில் இருக்கும் பதற்றத்தை முதலில் இறக்கிவிடுங்கள்: "ஆறுதலாக வாருங்கோ டீச்சர், வகுப்பை நான் பார்க்கிறன்." இதைச் சொல்வதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டுமானால், எந்த வகுப்புக்கும் எடுத்துப் போகக்கூடிய ஒரு பெட்டி அலுமாரியில் இருக்க வேண்டும். படங்கள், கதை அட்டைகள், வெட்டிய எழுத்துகள், ஒரு பந்து, நிறப் பென்சில்கள், நாற்பது வெற்றுத்தாள் போதும். அந்தப் பெட்டியைப் பாவித்த அன்றைக்கே திரும்ப நிரப்பி வையுங்கள்.

இடைவேளையில் ஆசிரியர்கள் இருந்து தேநீர் குடிக்க வேண்டும். பிள்ளைகளை அந்த இருபது நிமிடம் நீங்களும் உதவியாளர்களும் பாருங்கள். கட்லட்டையும் ரோல்ஸையும் கையில் வைத்துக்கொண்டே வகுப்புக்கு ஓடும் ஆசிரியை பன்னிரண்டு மணிக்கு எரிச்சலோடு பேசினால் அது அவருடைய குற்றமாகாது. உணவைப் பொறுத்தவரை, கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியலைக் குசினிக் கதவில் ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமையில் மரக்கறி மட்டும், இறைச்சி கொடுக்கும் நாட்களில் ஹலால் மட்டும், மாட்டிறைச்சி எந்த நாளும் இல்லை என்று வைத்துவிட்டால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து சாப்பிடலாம். தண்ணீர் கொதித்தாறியதாகவோ மூடி உடைக்காத போத்தலாகவோ இருக்கட்டும்.

நாளில் மிகக் கடினமான நேரம் வகுப்பு முடியும் நேரம். பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் பத்து ஓட்டோக்கள், நாலு வான்கள், குடையோடு அப்பம்மாக்கள், ஹோர்ன் சத்தம். உள்ளே செருப்புத் தேடும் பிள்ளைகள். இந்த நேரத்தில் ஆசிரியைகள் வாசலுக்கு வரக்கூடாது. ஒவ்வொரு வகுப்பும் அறைக்குள்ளேயே இருக்கட்டும். நீங்கள் வாசலில் இடாப்போடு நின்று, கூட்டிச் செல்ல வந்தவரின் முகத்தையும் பெயரையும் பட்டியலோடு பார்த்து, ஒரு உதவியாளரை அனுப்பிப் பிள்ளையை அழைப்பியுங்கள். பட்டியலில் இல்லாத ஒரு ஓட்டோ அண்ணா வந்து, "மாமி இன்றைக்கு வரேல்ல, என்னைத்தான் அனுப்பினவ" என்று எவ்வளவு பணிவாகச் சொன்னாலும், வீட்டுக்குக் கோல் எடுத்து மாமியின் குரலைக் கேட்காமல் பிள்ளையை விடக் கூடாது. அவர் உண்மையாகவே மாமி அனுப்பியவராகத்தான் இருப்பார். அவரைக் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகக் காக்க வையுங்கள்.

வகுப்பில் இருந்து பார்ப்பது

இலங்கையில் படிப்பிக்கும் எந்த ஆசிரியைக்கும் மேற்பார்வை என்றால் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வரும் அதிகாரிகளும், பாடக்குறிப்புக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்திடுவதும்தான் நினைவுக்கு வரும். நீங்கள் கொப்பியும் பேனாவுமாகப் பின் கதிரையில் போய் இருந்த உடனே அவருடைய குரல் மாறிவிடும், பிள்ளைகள் நிமிர்ந்துவிடுவார்கள், நீங்கள் பார்ப்பது அந்த வகுப்பாக இருக்காது. ஆகவே முதல் மூன்று நாளும் எதையும் எழுதாமல் எல்லா வகுப்புகளுக்கும் போய்வாருங்கள். பென்சில் சீவிக் கொடுங்கள், மழைச்சாரல் அடிக்கும் யன்னலைச் சாத்துங்கள், அழும் சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். நாலாம் நாளிலிருந்து, எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முதல்நாளே சொல்லிவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் மட்டும் இருந்து பாருங்கள்.

பார்க்கும்போது கண்ணை ஆசிரியையிடமிருந்து எடுத்துப் பிள்ளைகளிடம் வையுங்கள். எந்தப் பிள்ளை ஒரு சொல்லும் பேசவில்லை, யார் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறார், கதை எந்த இடத்தில் வந்தபோது பின்வரிசையும் முன்னுக்குச் சாய்ந்தது என்பவை ஆசிரியைக்குப் பலகையடியில் நின்று தெரியாதவை. அவற்றைக் கண்டு சொல்வதுதான் நீங்கள் அவருக்குச் செய்யும் உதவி. அவர் ஒரு எழுத்தைத் தவறாக எழுதிவிட்டாலும், ஒரு பிள்ளைக்குப் பொறுமையிழந்து பதில் சொன்னாலும், அங்கே வாய் திறக்க வேண்டாம். வகுப்பை இடையில் உங்கள் கையில் எடுத்துக்கொள்ளவே வேண்டாம். ஒரு தடவை அப்படிச் செய்தால், முகாம் முடியும்வரை அந்தப் பிள்ளைகள் அந்த ஆசிரியையின் சொல்லைக் கேட்க மாட்டார்கள். பிள்ளையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே இதற்கு விலக்கு.

பிள்ளைகள் போன பின், மற்றவர்கள் காதில் விழாத இடத்தில், அன்றைக்கே கதையுங்கள். முதல் வசனம் ஒரு கேள்வியாக இருக்கட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றியதாக: "டீச்சர், யன்னலோரம் இருக்கிற சிவப்புச் சட்டைப் பிள்ளை உங்களோட கதைக்கிறாவா?" இந்தக் கேள்விக்கு ஆசிரியை பதில் சொல்லத் தொடங்கினால், நீங்கள் சொல்ல நினைத்ததில் முக்கால்வாசியை அவரே சொல்லிவிடுவார். கடைசியில் மாற்ற வேண்டிய ஒன்றை, ஒன்றே ஒன்றை மட்டும், நாளைக்கே செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள். "பிள்ளைகளை இன்னும் ஈடுபடுத்த வேண்டும்" என்பது எவருக்கும் பயன்படாது, "கதையை வாசித்து முடித்ததும் இரண்டு இரண்டு பேராகத் திருப்பிச் சொல்லச் செய்வோமா?" என்றால் அடுத்த நாளே நடக்கும். வெளிநாட்டிலிருந்து நீங்கள் கொண்டுவந்திருக்கும் மதிப்பீட்டுப் படிவங்களைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாலு வாரத்தில் ஒரு ஆசிரியைக்குப் புள்ளி போட்டு ஆவது ஒன்றுமில்லை, அவர் தன் வீட்டுவேலையை விட்டுவிட்டு வருவது உங்களிடம் புள்ளி வாங்குவதற்காகவும் இல்லை.

காய்ச்சலும் அவசரமும்

மேல் மாகாணத்தில் டெங்கு எப்போதும் உண்டு. தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூன், ஜூலையில் கூடும். அதைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது, அதிகமாகக் காலையிலும் பொழுதுபடும் முன்னும். முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் எடுப்பதால், வாரத்துக்கு ஒருமுறை மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் எல்லாவற்றையும், பூச்சாடித் தட்டு, பீலி, எறிந்த யோகட் கப், குரும்பைக் கோம்பை என்று பார்த்துக் கவிழ்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்தால் அவர்களுக்கும் ஒரு பாடம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பில் வைத்திருக்காமல் வீட்டாரை அழைத்து வைத்தியரிடம் அனுப்புங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை மிக முக்கியம்: டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சலுக்கு இபுப்ரோஃபெனும் அஸ்பிரினும் கொடுக்கக் கூடாது, அவை இரத்தக்கசிவைக் கூட்டும். வெளிநாட்டுப் பெற்றோர் பையில் வைத்துவிட்ட இபுப்ரோஃபென் பாணியை அம்மம்மாக்கள் நல்லெண்ணத்தோடு கொடுத்துவிடுவார்கள். ஆகவே பதிவுசெய்யும் நாளிலேயே இதை வீட்டாருக்கு வாயாலும் தாளிலும் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் வீட்டாரோ வைத்தியரோ கொடுப்பதாக இருக்கட்டும். முகாமில் நீங்களும் ஆசிரியர்களும் எந்த மருந்தும் கொடுக்காதிருப்பதே நல்லது.

சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் உதவி இலக்கம் 1929. இந்த மூன்றையும், சிறுவர்களுக்கான சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலை பொரளையில் இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு அறையிலும் எழுதி ஒட்டுங்கள். பிள்ளையொன்று உங்களிடமோ ஆசிரியையிடமோ தனக்கு யாரோ தீங்கு செய்வதாகச் சொன்னால், பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்து, மேலும் கேள்வி கேட்டுத் துருவாமல், அன்றைக்கே முகாமின் பொறுப்பாளரிடம் கொண்டுபோக வேண்டும். வீட்டாரோடு பேசிச் சமரசம் செய்யும் வேலை உங்களுடையதும் இல்லை, ஆசிரியையுடையதும் இல்லை.

வெளியே கூட்டிச் செல்லும் நாள்

வாரத்துக்கு ஒரு தடவை போதும். தேசிய நூதனசாலை நல்ல தெரிவு. 1877இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில், காலியில் கண்டெடுக்கப்பட்ட 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறிக்கப்பட்ட அந்தக் கல்லின் முன் பிள்ளைகளை நிறுத்தி, தமிழ்ப் பகுதி எந்தப் பக்கம், தெரிந்த எழுத்து ஒன்றாவது அகப்படுகிறதா என்று தேடச் சொன்னால், எழுத்தே வேண்டாம் என்ற பெரிய பிள்ளைகளும் கிட்டப் போய்ப் பார்ப்பார்கள். இந்தப் பயணத்துக்கு முதல் நாள் வகுப்பில் ஆயத்தம் செய்வது ஆசிரியையின் வேலை; வான், நுழைவுச்சீட்டு, தண்ணீர், தொப்பி, மாற்றுடுப்பு எல்லாம் உங்கள் வேலை. வெள்ளவத்தையில் 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்குப் பெரிய பிள்ளைகளை அழைத்துப் போகலாம். காலிமுகத்திடலில் அந்த மாதங்களில் காற்று நன்றாக வீசும், பட்டம் விடலாம்.

கடலில் இறங்குவது வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கரையில் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும், கால் நனைப்பதும் ஆபத்து. மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் இடையில் கரையோர ரயில்பாதை ஓடுவதை வெளிநாட்டுப் பிள்ளைகள் கவனிப்பதில்லை. வேலி இல்லாத இடங்களில் உள்ளூர் ஆட்கள் பாதையைக் கடந்து கற்பாறைக்குப் போவதைக் கண்டு தாங்களும் ஓடுவார்கள். அந்தப் பக்கம் நடத்திக் கூட்டிச்செல்வதைத் தவிருங்கள். வானில் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளை எண்ணுவது உதவியாளரின் வேலை, திரும்ப எண்ணுவது உங்களுடையது. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவந்த பின்பே வான் நகர வேண்டும்.

பெற்றோர்

கொழும்பில் காலை எட்டு மணி என்றால் அந்த மாதங்களில் லண்டனில் அதிகாலை மூன்றரை, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு பத்தரை. பிள்ளையை அம்மம்மாவோடு விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய தாய், உறக்கம் வராமல் ஆசிரியையின் வட்ஸ்அப்புக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார். அவருடைய கவலை நியாயமானது; ஆனால் அது ஆசிரியையின் தொலைபேசிக்குப் போகக் கூடாது. ஆசிரியர்களின் இலக்கங்களைப் பெற்றோரிடம் கொடுக்காமல், முகாமுக்கென்று ஒரு இலக்கத்தை வைத்து, தினமும் மாலை ஆறு மணிக்கு நீங்களே வகுப்புக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அப்போது லண்டனில் மத்தியானம் ஒன்றரை, ரொறன்ரோவில் காலை எட்டரை, எல்லாரும் விழித்திருப்பார்கள். படங்கள் அனுப்புவதானால் எழுத்தில் சம்மதம் தந்த வீட்டுப் பிள்ளைகளின் படங்கள் மட்டும், அதுவும் முகாம் தொலைபேசியில் எடுத்தவை மட்டும். பிள்ளை இங்கே யாரோடு இருக்கிறதோ அவர்தான் அவசரத்துக்கு முதலில் அழைக்க வேண்டியவர். அவருடைய இலக்கம் இரண்டையும் இடாப்பின் முன்பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

கடைசி வாரம்

நிறைவு விழாவுக்கு ஒத்திகை, ஒத்திகை என்று கடைசி வாரம் முழுவதையும் கரைத்துவிடுவது நம்மவர் வழக்கம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஐந்து நிமிடம், ஏற்கெனவே தெரிந்த பாட்டு, தைக்க வேண்டிய உடுப்பு இல்லை என்று முதல் வாரத்திலேயே ஆசிரியர்களோடு சேர்ந்து முடிவெடுத்தால், வியாழன் வரைக்கும் பாடம் நடக்கும். சான்றிதழில் பிள்ளையின் பெயரை வீட்டார் எழுதும் எழுத்துகளிலேயே எழுதுவியுங்கள்; அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மம்மாக்களிடம் பட்டியலைக் காட்டுங்கள்.

ஆசிரியர்களின் கொடுப்பனவை விழா முடிந்த அவசரத்தில் வாசலில் வைத்து நீட்டாமல், அதற்கு முதல் நாளே, பெயர் எழுதிய உறையில், கையெழுத்து வாங்கி, ஒவ்வொருவராக அழைத்துக் கொடுங்கள். பஸ் செலவும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மாணவிகளுக்கும் உயர்தரம் முடித்தவர்களுக்கும், என்ன வேலை செய்தார்கள் என்பதைத் தெளிவாக எழுதிய ஒரு கடிதம் கொடுத்தால், அது அவர்களுக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவும். வகுப்புக் கொப்பிகள் அடுத்த ஆண்டு ஆசிரியர்களுக்காக முகாமிலேயே இருக்கட்டும். பிள்ளைகளின் நோய் விவரங்களும் வீட்டு இலக்கங்களும் உள்ள தாள்களைப் பொறுப்பாளரிடம் உறையிட்டு ஒப்படைத்து, உங்கள் தொலைபேசியில் தங்கிவிட்ட இலக்கங்களையும் படங்களையும் அவர் முன்னிலையிலேயே அழித்துவிட்டு, அலுமாரிச் சாவியையும் கொடுத்துப் புறப்படுங்கள்.